வேணும் என்பதற்கு ஐந்து சொல்

எனக்கு இங்கிலீஷ் வந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. ஒரு துண்டு கேக்குக்காக இன்னொரு பிள்ளை பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் வந்தது.

சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குப் பாக்டரியில் கொழுந்து வறுக்கும் இடத்தில் வேலை. அம்மா துரை பங்களாவில் வாசல் கூட்டினாள். துரைக்கு ஒரே மகள், என்னைவிட ஆறேழு மாதம் மூத்தவள். அவளை எல்லோரும் மிசி என்பார்கள். அவள் நிறத்தில் இன்னொரு பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் குதிரையில் அரை நாள் போக வேண்டும். அதனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன என்னை, துரைசானி மிசிக்கு விளையாட்டுத் துணையாக நிறுத்திக்கொண்டார். மிசிக்குச் சிலேட்டில் எழுத்துச் சொல்லித் தரும்போது எனக்கும் ஒரு சிலேட்டு தந்தார். வராந்தாவில் ஐந்தாவது தூண் வரை நான் வரலாம். அதற்கு அப்பால் அவர்கள் வீட்டு நாய் போகலாம், நான் போகக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நாயும் சொல்லவில்லை, ஆனாலும் இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்திருந்தது.

நாலு மணிக்கு அந்த வராந்தாவில் தேத்தண்ணீரும் கேக்கும் வரும். மிசி, "ஐ வாண்ட் கேக்" என்பாள். துரைசானிக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்காது. தையலை எடுத்து வைத்துக்கொள்வார். மிசி உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஐ வுட் லைக் சம் கேக், ப்ளீஸ்" என்று மாற்றிச் சொன்ன அடுத்த நொடி காது திறந்துவிடும், தட்டும் நகர்ந்து வரும். ஒரு நாள் அவள், "ஐ நீட் கேக்" என்று சொல்லிப் பார்த்தாள். துரைசானி சிரித்துவிட்டார். தண்ணீர் நீட், மருந்து நீட், குளிருக்குக் கம்பளி நீட், கேக் யாருக்கும் நீட் இல்லை என்று விளக்கமாகச் சொன்னார். மஸ்ட் என்பது பெரியவர்களின் சொத்து. கை கழுவ மஸ்ட், பால் குடிக்க மஸ்ட், படுக்கப் போக மஸ்ட். மிசி ஒரே ஒரு தடவை அதை எடுத்துத் தாயின் மேலேயே வீசினாள். அன்று சாயங்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றாள். விஷ் மட்டும் யாரிடமும் கேட்காதது. பிறந்த நாள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வது.

லைக், விஷ், வாண்ட், நீட், மஸ்ட். ஐந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தன. ஆனால் ஒருத்தி செய்கிற வேலையை இன்னொருத்தி செய்ய மாட்டாள். இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் லயத்தில், அந்தக் கூலி வரிசையில், பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'வேணும்'தான். கஞ்சிக்கு உப்பு வேணும், திருவிழாவுக்குச் சீலை வேணும், பிள்ளை பிழைக்க வேணும். ஆசை, தேவை, கட்டாயம் என்றெல்லாம் தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அவற்றால் வேலை இருக்கவில்லை. எவ்வளவு வேணும் என்பதைக் குரலே சொல்லிவிடும். காகிதத்தில் குரல் வராது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அந்தச் சொற்களில் எது துரையை அசைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். ஒரு நாள் தேத்தண்ணீர் நேரத்தில் சமையல்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். காடு வெட்டுகிற இடத்தில் ஒரு ஆளின் காலில் மரம் விழுந்துவிட்டதாம். துரை கோப்பையைக் கீழே வைக்காமல் பிறகு வருகிறேன் என்பதுபோல் கையை ஆட்டினார். துரைசானி தையலிலிருந்து தலையைத் தூக்கி, "ஹி நீட்ஸ் யூ" என்று மட்டும் சொன்னார். துரை கோப்பையை வைத்துவிட்டு, தொப்பிகூட எடுக்காமல் படியிறங்கி ஓடினார்.

எனக்கு ஆறு வயதில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பாவின் தங்கை, என் அத்தை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கீழே இருந்து மலையேறி வந்தாள். அவள் புருஷன் அதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டார். அவளுக்கும் என் வயதில் ஒரு மகள் இருந்தாள். "நீ வேணும்னா போ, எங்க வீட்டுப் பிள்ளை எங்ககிட்ட இருக்கட்டும்" என்று மாமியார் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். பத்து நாளில் திரும்புவதாகச் சொல்லி அத்தை வந்தாள். அம்மாவை மாட்டு வண்டியில் படுக்க வைத்துப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, அழுத என்னை மடியில் போட்டுக்கொண்டு, "ரெண்டு நாள்ல வந்துருவா தாயி" என்றாள் அத்தை. அம்மா வரவில்லை. நான் லயத்துப் படியில் ரெண்டு நாளும் உட்கார்ந்திருந்தேன், அதற்குப் பிறகும் வெகு நாள் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அத்தை எதைப் பற்றியும் என்னிடம் வரும் என்று வாயால் சொன்னதில்லை. மழை வருமா என்று கேட்டால்கூட, வந்தாப் பாப்போம் என்பாள்.

அவள் திரும்பிப் போகவும் இல்லை. என்னை யார் பார்ப்பது என்று நின்றாள். நின்றவளின் பெயரைக் கங்காணி பெரட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதில் ஒரு தடவை பேர் ஏறிவிட்டால், துரை கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு இல்லாமல் மலையிறங்க முடியாது. இறக்கத்தின் முகப்பில் ஒரு மூங்கில் தடுப்பு இருந்தது, ஒரு வாட்சரும் இருந்தார்.

அம்மா இல்லாமலும் நான் பங்களாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். எட்டு வயதில் மிசி போய்விட்டாள். வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளை அந்த வயதில் படிப்புக்காகத் தங்கள் தேசத்துக்கு அனுப்பிவிடுவார்கள். துரைசானியும் கூடவே போனார். குதிரை வளைவில் திரும்பும்போது மிசி கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். நாளைக்கு நாலு மணிக்கு யாரிடம் போவது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது.

மறுநாளிலிருந்து நான் லயத்துப் பிள்ளை. ஆனால் லயத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. "தொரசானி வருது, வழி விடுங்கடி" என்று கும்பிட்டுவிட்டு ஓடுவார்கள். பெரியவர்களுக்கு நான் ஒரு வேடிக்கைச் சாமான். குழாயடியில் நிறுத்தி, "ஏ புள்ள, கொடத்துக்கு இங்கிலீசுல என்ன? மாமியாருக்கு என்ன?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். கங்காணிக்கு இங்கிலீஷில் மூன்று சொல் தெரியும், மூன்றும் வசவு. அதனால் என்னைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. எனக்கு ஒரு பாஷை தெரிந்திருந்தது. பேச ஆள் இல்லை. எங்கள் வீட்டுச் சிவப்புக் கோழியிடம் கொஞ்ச நாள் பேசினேன். அது என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடும். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது, அது போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அத்தை மட்டும்தான் எனக்கு மீதி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு என்னை முன்னால் உட்கார வைத்துத் தலை வாருவாள். சீப்பு பாதி வழி வந்ததும் கை தானாக நிற்கும். "அவளுக்கு இதவிட அடர்த்தி" என்பாள். இன்னொரு நாள், "அவளுக்குச் சுருட்டை, சீப்பு எறங்காது" என்பாள். அவள் என்றால் கீழே இருக்கிறவள். நான் பார்த்தே இராத அந்தப் பெண் தினமும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. கண்டதே இல்லை, ஆனாலும் ஆகாது.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம், பங்குனி மாதத்தில் ஒரு கார்டு வந்தது. அப்பா, தமிழ் மட்டும் தெரிந்த பாக்டரி எழுத்தரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்தார். அத்தையின் மாமியார் வீட்டில் எல்லோரும் கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போகிறார்களாம். சித்திரை பத்தாம் தேதி ஊரை விட்டுக் கிளம்பித் தனுஷ்கோடியில் கப்பல் ஏறுவார்களாம். பிள்ளையையும் கூட்டிப் போகிறார்களாம். அத்தை அடுப்பின் முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்டாள். எழுந்து, கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்தாள். அதில் அரிசி போட்டிருக்கவில்லை.

"அண்ணே, நா போவணும்" என்றாள்.

"போயிட்டு வா" என்றார் அப்பா. அவர் அதிகம் பேச மாட்டார்.

கங்காணியிடம் போய் நின்றாள். கொழுந்து பொங்குகிற காலம், ஒரு கையைக்கூட விட முடியாது, ஆடியில் பார்க்கலாம் என்று அவர் வெற்றிலையை மென்றபடி சொல்லிவிட்டார். துரையிடம் நீங்களாவது சொல்லுங்கள் என்று கெஞ்சியதற்கு, சொல்கிறேன் என்றார். அந்தத் தோட்டத்தில் எங்கள் ஆட்கள் சொல்வது கங்காணி வாய்க்குள் போய், ஆபீஸ் கிளார்க்கு வாய் வழியாக வெளியே வந்து, துரை காதுக்குப் போகும்போது அதில் பாதி இருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை ஆபீஸ் வராந்தாவில் உட்காருவார். யாராவது காகிதம் கொடுத்தால் அவரே வாங்கிப் படிப்பார். காகிதம் யார் வாய்க்குள்ளும் போக வேண்டியதில்லை. கிளார்க்கிடம் எழுதச் சொல்ல முடியாது, அவர் கங்காணியின் சிநேகிதர். அத்தை என்னைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம். எங்கிருந்தோ ஒரு கோடு போட்ட தாளும் பேனாவும் மைக்கூடும் கொண்டுவந்தாள். அரிசிப் பானை மூடியைத் துடைத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தாள், எழுதுவதற்கு. வெளியே அப்பா பலகை அறுத்துக்கொண்டிருந்தார். உடைந்த தேயிலைப் பெட்டிகளிலிருந்து சுமந்து வந்த பலகைகள். அந்த வாரம் பூராவும் அவர் என் கட்டிலை அகலமாக்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் எனக்குள் ஒரு பதில் வைத்திருந்தேன். அத்தை போய்விடப் போகிறாள்; வராமலே இருந்துவிடப் போகிறாள்; அது தெரிந்துதான் அப்பா எனக்கு இப்படி ஒரு சமாதானம் செய்கிறார். பெரியவர்கள் கொடுக்கப் போகிற அடிக்கு முன்னாலேயே மிட்டாய் தருவது எனக்குப் பழக்கம்தான். மிசி போவதற்கு முந்தின வாரம் துரைசானி எனக்கு ஒரு முழு கேக் தந்திருந்தார்.

"எழுது தாயி" என்றாள் அத்தை. "நா போயே ஆவணும்னு எழுது. எம்புள்ளயப் பாத்தே ஆவணும்னு எழுது. போகாட்டி உசுரோட இருக்க மாட்டேன்னு எழுது."

நான் பேனாவை மையில் தொட்டேன். "நீ திரும்பி வருவியா அத்தை?"

அவள் பானை மூடியின் ஓரத்தில் இருந்த கரியைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். "போனாத்தான தெரியும்" என்றாள். "மொதல்ல போறேன். எழுது."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஐந்து சொல்லும் என் முன்னால் வரிசையாக வந்து நின்றன. மஸ்ட்டை எழுதினால் துரை கையெழுத்துப் போட்டுவிடுவார். நீட் எழுதினால் தொப்பியில்லாமல் ஓடியவர், கட்டாயம் போடுவார். நான் நல்ல பிள்ளையாக, தாளின் கோட்டிலிருந்து எழுத்து இறங்காமல், என் அத்தை வுட் லைக், தன் மகளைப் பார்க்க ஊருக்குப் போக வுட் லைக், ப்ளீஸ் என்று எழுதினேன். கேக்கு கேட்கிற மாதிரி எழுதினேன். மரியாதையாகத்தானே எழுதுகிறோம், துரைசானி சொல்லித் தந்த மரியாதைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு அந்தப் பதில் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அத்தை தாளைத் தொடாமல் மேலிருந்து குனிந்து பார்த்தாள். "இதுல போயே ஆவணும்னு எது?"

நான் லைக் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன்.

"இத்தினிக்கூண்டா இருக்கே."

"இங்கிலீசுல அப்படித்தான் அத்தை" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். மை காயும் வரை முறத்தால் மெல்ல விசிறினாள்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, என்னையும் குளிப்பாட்டி, கையைப் பிடித்து ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். வராந்தாவில் துரை தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவியும் மகளும் போன பிறகு அவர் மெலிந்திருந்தார், சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மிசியோடு விளையாடிய பிள்ளை என்று அடையாளம் தெரிந்துவிட்டது. தாளை வாங்கிப் படித்தார். சிரித்தார். வெரி நைஸ்லி புட் என்று என் தலையைத் தட்டினார். இத்தனை நாளில் என்னிடம் யாரோ இங்கிலீஷில் பேசினார்கள் என்பதில் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது, அதை மறைக்க மாட்டேன். கிளார்க்கைக் கூப்பிட்டு, மழை பிடித்துக் கொழுந்து குறைந்ததும் ஆடியில் இந்த அம்மாளைக் கட்டாயம் அனுப்ப வேண்டும், குறித்துக்கொள் என்றார்.

பிறகு, எழுந்து போகப் போனவர் நின்றார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, என் பக்கம் குனிந்து, வீட்டில் ஏதாவது கஷ்டமா, அவசரம் ஏதாவது உண்டா என்று இங்கிலீஷில் கேட்டார்.

அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாதவர்கள் வாயைப் பார்ப்பார்கள். ஷி நீட்ஸ் என்று தொடங்கினால் போதும். மீதியை அவரே கேட்டுக்கொள்வார். நான் அண்ணாந்து அவரைப் பார்த்து, "நோ, சார்" என்றேன். தெளிவாகச் சொன்னேன். தாங்க் யூ என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"என்ன கேட்டாரு?" என்றாள் அத்தை, படி இறங்கும்போது.

"எல்லாரும் சொகமான்னு கேட்டாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவள் இன்னொரு தாளோடு வந்தாள். இன்னொரு தடவை எழுதிப் பார்ப்போமா என்றாள். ஒரு தடவை கேட்டதை மறுபடி கேட்பது அவர்களுக்குப் பிடிக்காது, கோபம் வந்தால் ஆடிக்கும் விட மாட்டார்கள் என்றேன். இதுவும் துரைசானியின் சட்டம்தான், கேக்குக்கு அவர் போட்டது. அத்தை தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இங்கிலீஷ்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். அதற்கு மறுநாள் பெரட்டுக்குப் போகாமல், துண்டு இல்லாமலேயே இறக்கத்தைப் பார்த்து நடந்தாள். மூங்கில் தடுப்பில் வாட்சர் பிடித்து நிறுத்தினார். கங்காணி போய்த் திட்டிக் கூட்டி வந்தார். லயத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்க்க, அவள் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வந்து வீட்டுக்குள் புகுந்தாள்.

எங்கள் லயத்துக்கு மேலே ஒரு முகடு உண்டு. அங்கே நின்றால் கிழக்கே போடிப் பக்கத்துத் தரை முழுவதும் தெரியும், வெயிலில் வெளுத்துக் கிடக்கும். சித்திரை பத்தாம் தேதி மத்தியானம் கஞ்சிக்கு விட்ட நேரத்தில் அத்தை முகட்டுக்குப் போனாள். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஒரு மாட்டு வண்டியைக்கூடப் பார்க்க முடியாது. "கெளம்பியிருப்பாக" என்றாள். கொஞ்சம் கழித்து, "யாரு தலை வாரி விட்டாகளோ" என்றாள். வேலைக்குக் கூப்பிடும் கொம்பு ஊதினார்கள். கஞ்சி அப்படியே இருந்தது. அதை நான் குடிக்கவா என்று அவளிடம் கேட்டேன். குடி தாயி என்றாள். குடித்தேன்.

என்னை அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். குழாயடியில் அவளிடம் கேட்பவர்களிடம், "எம்புள்ள தொரைக்கு இங்கிலீசுல எழுதிக் குடுத்துச்சு. தொரை படிச்சுட்டுத் தலையத் தட்டிக் குடுத்தாரு. எனக்குத்தான் கொடுத்து வைக்கல" என்று சொல்வாள். எம்புள்ள என்று அவள் என்னைச் சொன்னது அந்தச் சித்திரையில்தான் முதல் தடவை. அதற்குத்தானே நான் இத்தனையும் செய்தேன். கேட்டபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. துரை சொன்ன சொல் தவறவில்லை. கிளார்க்கே துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"போயிட்டு வாயேன்" என்றார் அப்பா.

"யாரப் பாக்க?" என்றாள். துண்டை மடித்துக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் செருகி வைத்தாள். மழையில் அது நனைந்து, கையெழுத்து ஊறி, பிறகு எப்போதோ காணாமல் போனது. கண்டியிலிருந்து ஒரு கார்டு வந்தது, சுகமாகச் சேர்ந்தோம் என்று. அடுத்து ஒன்றும் வரவில்லை.

அத்தை எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டாள். தினமும் தலை வாரினாள். சீப்பு நடுவில் நிற்காமல் நேராக நுனி வரை வந்தது. அவளுக்கு அடர்த்தி, அவளுக்குச் சுருட்டை என்று எதுவும் அதன்பிறகு அவள் சொல்லவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய்விட்டாள். இடம் காலியானது; ஆனால் அத்தை நகர்ந்து என் பக்கம் வரவில்லை. அவள் விரல்கள் என் தலையில் இருக்கும், அவள் வேறெங்கோ இருப்பாள். மிசி போன பிறகு இருந்த தனிமைக்கு ஒரு காரணமாவது சொல்ல முடிந்தது. இதை நான் யாரிடம் சொல்வது? தமிழில் சொல்லத் துணிவில்லை. இங்கிலீஷில் சொல்ல, கோழிதான் இருந்தது.

அத்தை காலமாகிப் பல வருஷங்கள் கழித்து, அப்பாவுக்கு வேலை ஓய்ந்தது. நான் கல்யாணமாகிப் பிள்ளைகளோடு கீழே இருந்தேன். அவரை என்னோடு கூட்டிப்போக மலைக்கு வந்தேன். லயத்து அறையைக் காலி செய்தோம். எடுத்துப்போக அதிகம் இல்லை. அந்தக் கட்டிலை என்ன செய்வது என்று கேட்டேன். பாதிப் பலகை பழசு, பாதி தேயிலைப் பெட்டிப் பலகை. பெட்டிப் பலகையில் லண்டன் என்ற எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது.

"எனக்காக இவ்வளவு பெருசா செஞ்சீங்களேப்பா. நான் அப்ப எலும்புந்தோலுமால்ல இருந்தேன்" என்றேன், சிரித்துக்கொண்டே.

அப்பா பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒனக்கு மட்டுமா? ரெண்டு பிள்ளைக படுக்கணும்ல" என்றார். "ஒங்கத்தை அவளக் கையோட கூட்டிட்டு வந்துருவேன்னு சொன்னா. அவுக மாமியாரு கால்ல விழுந்தாச்சும் வாங்கிட்டு வந்துருவேன்னா. புள்ள ஒத்தையில கோழிகூடப் பேசிட்டுத் திரியுது, தொணைக்கு ஒருத்தி வந்தா ரெண்டும் ஒண்ணா வளரும்னா. நீ படியில ஒக்காந்து கெடந்த பிள்ள. வரும்னு சொல்லி வராமப் போனா ஒனக்குத் தாங்காதுன்னு, ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டா."

நான் பலகைகளைக் கழற்றிக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

கட்டில் வேலை முடிந்தது அந்தச் சித்திரையின் கடைசியில். அத்தைதான் அதில் பாயை விரித்தாள். பழைய பாய் பாதிக் கட்டிலுக்குத்தான் வந்தது. நான் ஏறிப் படுத்துப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் நான், அந்தப் பக்கம் லண்டன் எழுத்தோடு வெறும் பலகை. கையை எவ்வளவு நீட்டியும் ஓரம் எட்டவில்லை. எனக்கு ஒரே குதூகலம். இத்தனை அகலம் எதுக்கு அத்தை என்று கேட்டேன்.

அவள் அந்த வெறும் பலகையை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்தாள்.

"நீ வளருவேல்ல தாயி" என்றாள்.

நானும் நம்பி, வளர்ந்தால் நிறைந்துவிடும் என்று இருந்தேன்.